பூட்டாத பீரோ

ஏப்ரல் கடைசியில் பல அரசுப் பள்ளிகளில் நடக்கும் கடைசி வேலை, பீரோவைப் பூட்டுவது. வரைபடம், உலக உருண்டையோடு கதைப் புத்தகங்களும் உள்ளே போய்விடும். ஜூனில்தான் வெளிச்சம் பார்க்கும். எல்லாம் இருப்புப் பதிவேட்டுக்குப் பயந்துதான். தணிக்கைக்கு வருபவர் எண்ணும்போது ஒன்று குறைந்தாலும் வாத்தியார்தானே பதில் சொல்ல வேண்டும்?

நான் திருப்பத்தூரிலிருந்து ஜவ்வாது மலைக்கு ஏறிப்போய்ப் பாடம் நடத்துகிறவன். புதூர்நாடு பக்கத்துத் தொடக்கப் பள்ளி. எங்கள் பிள்ளைகளுக்குக் கோடை என்றால் புளி, பலா, ஆடு மேய்ப்பு. பலருடைய அப்பா அம்மா கேரளாவுக்கோ கர்நாடகக் காப்பித் தோட்டத்துக்கோ வேலைக்குப் போய்விடுவார்கள். பிள்ளைகள் ஆயாவோடு இருப்பார்கள். வீட்டில் அச்சடித்த எழுத்து என்று பார்த்தால் ரேஷன் அட்டையும் நாள்காட்டியும்தான். மார்ச்சில் பத்தி பத்தியாக வாசித்தவன் ஜூனில் எழுத்துக் கூட்டுகிறான் என்றால் அவன் மந்தமாகிவிட்டான் என்று அர்த்தமில்லை. கையில் புத்தகமே இல்லை.

அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ரிச்சர்ட் ஆலிங்டனும் ஆன் மெக்கில்-ஃபிரான்சனும் நடத்திய ஓர் ஆய்வு 2010-ல் வெளியானது. ஏழைப் பிள்ளைகளுக்கு மூன்று கோடைகள் தொடர்ந்து, கோடைக்குப் பன்னிரண்டு புத்தகம் கொடுத்தார்கள். டியூஷன் கிடையாது, பரீட்சை கிடையாது. அவர்களின் வாசிப்பு மதிப்பெண் கூடியது. மிக ஏழைப் பிள்ளைகளுக்கு அதிகமாகவே கூடியது. புத்தகத்தைப் பிள்ளைகளே பொறுக்கி எடுத்தார்கள் என்பதுதான் எனக்கு முக்கியம். சினிமா நட்சத்திரம், பாடகர் பற்றிய புத்தகங்களை அள்ளிக்கொண்டு போனார்களாம். போகட்டுமே!

அதனால் கடைசி வேலைநாளில் தாழ்வாரத்தில் பாயை விரித்துப் பீரோப் புத்தகங்கள் எல்லாவற்றையும் பரப்பிவிடுகிறேன். ‘ஊஞ்சல்’, ‘தேன்சிட்டு’ பழைய இதழ்கள், பள்ளிக்கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் தந்த மெல்லிய புத்தகங்கள். அந்தப் புத்தகங்களை நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படியாகப் பிரித்திருக்கிறார்கள். ஐந்தாம் வகுப்புப் பையன் ‘நுழை’யை எடுத்தால் தடுப்பதில்லை. தங்கச்சிக்குப் படித்துக் காட்டத்தான் எடுக்கிறான் என்பது பிறகு தெரியவரும். எழுதப் படிக்கத் தெரியாத ஆயாவும் கேட்பார், நடுவில் கதையைத் திருத்துவார்.

மே மாதம் நான் ஊரில் இருப்பதில்லை. மாற்றிக்கொள்ள ஓர் அட்டைப்பெட்டி நிறையப் புத்தகம் டீக்கடையில் இருக்கிறது. ஒன்றை வைத்துவிட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளலாம், கையெழுத்து வேண்டாம். “பெரியவங்களும் புரட்டுறாங்க சார், டீ ஆறிப்போவுது” என்கிறார் கடைக்காரர். கைபேசியில் வாசிக்கலாமே என்பார்கள். 2022 ஜூனில், தன்னார்வலர்கள் பாடம் சொல்லித்தந்த இல்லம் தேடிக் கல்வி மையங்கள் செயலி வழியாக வாசிப்பு மாரத்தான் நடத்தின, நல்ல முயற்சிதான். ஆனால் எங்கள் பிள்ளைகள் வீட்டுக் கைபேசி அப்பாவோடு கேரளாவில் இருக்கிறது.

பீரோவில் இல்லாத கதையும் உண்டு. இதே மலையில், ஆலங்காயம் பக்கம் காவலூரில் வானாய்வகம் இருக்கிறது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் கோள் ஒரு நட்சத்திரத்தின் குறுக்கே போனதை அங்கே கவனித்தார்கள். கோள் மறைப்பதற்கு முன்னும் பின்னும் நட்சத்திர ஒளி விட்டுவிட்டு மங்கியது. யுரேனஸுக்கு வளையம் உண்டு என்பதற்குச் சாட்சி சொன்ன இடங்களில் நம்ம ஊரும் ஒன்று. இதைப் பிள்ளைகள் வாசிக்கும்படி எங்கள் பீரோவில் ஒன்றும் இல்லை. சார்ட் அட்டையை மடித்து எட்டுப் பக்கத்தில் நானே எழுதி, படமும் போட்டேன். படம் சுமார்தான். ஆனாலும் அதிகம் கிழிந்து திரும்பியது அதுதான்.

கிழிசலை ஒட்டிக்கொள்ளலாம். தொலைந்தால் என் செலவில் வாங்கி வைக்கிறேன். அப்படி ஒன்றும் நிறையத் தொலைவதில்லை.

பள்ளி திறந்ததும் கதைச்சுருக்கம் எழுதச் சொல்வதில்லை. அதைச் சொன்னால் அடுத்த வருஷம் பாய்ப்பக்கமே வரமாட்டார்கள். எந்தப் புத்தகம் பிடிக்கவில்லை என்று மட்டும் கேட்பேன். அன்று காலைப் பாடம் நடக்காது, அத்தனை பேச்சு! போன ஜூனில் மூன்றாம் வகுப்புக்காரி ஒருத்தி எழுந்தாள்: “கரடி ஸ்வெட்டர் போட்டுக்கிட்டுப் பள்ளிக்கூடம் போவுதாம் சார். நம்ம காட்டுக் கரடியை இவங்க பாத்ததே இல்ல.”