உடைக்காம உள்ளே பார்க்க முடியுமா?

ஒரு சின்ன சொந்தக் கதையோட ஆரம்பிக்கிறேன். போன மாசம் எங்க வீட்டு பெட்ரூம் சுவர்ல பெயின்ட் உப்பிக்கிட்டு வந்துச்சு. கொத்தனார் வந்து விரலை மடக்கித் தட்டிப் பார்த்தார். "உடைச்சுப் பாத்தாதான் தம்பி சொல்ல முடியும்" என்றார். சரிண்ணே, உடைங்க என்றேன். என் சுவர்தானே, திரும்பப் பூசிக்கலாம்.

ஆனா இதே கேள்வி ஹெர்குலேனியத்துல வந்தா? அது இத்தாலியில், கி.பி. 79-இல் வெசூவியஸ் எரிமலை மூடிப்போட்ட ரோமானிய ஊர். அங்கே சுவரோவியங்கள் இன்னும் இருக்கு. காரை எத்தனை அடுக்கு, ஈரம் எவ்வளவு ஆழத்துல இருக்கு, இதெல்லாம் தெரிஞ்சாதான் ஓவியத்தைக் காப்பாத்த முடியும். அதுக்காகத் துளை போட்டா, காப்பாத்த வந்தவங்களே ஓவியத்துல ஓட்டை போட்ட மாதிரி ஆயிடும்.

இங்கேதான் நம்ம ஹீரோ வர்றார். பேரு என்.எம்.ஆர். மௌஸ். ஜெர்மனியின் ஆகன் நகரப் பல்கலைக்கழகத்தில் பெர்ன்ஹார்ட் ப்ளூமிக் குழு உருவாக்கி, 1996-இல் அறிவிச்ச கருவி. கையில தூக்கிட்டுப் போகலாம். அடிப்படை என்னவோ நமக்குத் தெரிஞ்ச எம்.ஆர்.ஐ. ஸ்கேன்தான்.

எம்.ஆர்.ஐ. என்ன பண்ணுது? தண்ணீர், கொழுப்பு, மரம், ரப்பர் எல்லாத்துலயும் ஹைட்ரஜன் இருக்கு. அதன் அணுக்கரு ஒரு குட்டிக் காந்தம். பெரிய காந்தத்துக்குள்ள வெச்சு, சரியான ரேடியோ அலையை அனுப்பினா, அது பதில் சிக்னல் கொடுக்கும். அந்தப் பதில் எவ்வளவு வேகமா அடங்குதுங்கறதுலதான் விஷயமே இருக்கு. தாராளமா ஓடுற தண்ணீரில் மெதுவா அடங்கும். நுண்ணிய துளைக்குள்ள சிக்கின தண்ணீரில் சீக்கிரம் அடங்கும். கெட்டியான பொருளில் இன்னும் வேகமா.

ஆஸ்பத்திரி மெஷினில் காந்தப்புலம் எல்லா இடத்திலும் ஒரே சீரா இருக்கணும். அதனாலதான் அந்தச் சுரங்கம் மாதிரி அமைப்பு, அதுக்குள்ள நாம படுக்கணும். ஆனா சுவரை எப்படிப் படுக்க வைக்கிறது?

அதனால காந்தத்தைச் சுவர்கிட்ட கொண்டு போனாங்க. அதுல ஒரு சிக்கல். காந்தத்துக்கு வெளியே புலம் சீரா இருக்காது, தள்ளிப் போகப் போகக் குறையும். வழக்கமா இது பெரிய குறை. ஆனா யோசிச்சுப் பாருங்க: ஒவ்வொரு ஆழத்திலும் புலம் வேற, அதனால பதில் வர்ற அலைவரிசையும் வேற. எஃப்.எம். ரேடியோவில் ஒரு ஸ்டேஷனை டியூன் பண்ற மாதிரி ஒரு அலைவரிசையை மட்டும் கேட்டா, ஒரே ஒரு ஆழத்தில் இருக்கற மெல்லிய அடுக்கு மட்டும் பேசும். பிறகு கருவியைக் கொஞ்சம் கொஞ்சமா நகர்த்தினா, அடுத்தடுத்த அடுக்குகள் பேசும். குறைன்னு நினைச்சதே அளவுகோல் ஆயிடுச்சு!

ஹெர்குலேனியத்தில் இப்படித்தான் ஓவியத்துக்குப் பின்னால் இருக்கற காரை அடுக்குகளை அளந்தாங்க. 1991-இல் ஆல்ப்ஸ் மலையில் கிடைச்ச, சுமார் 5,300 வருஷம் பழைய பனிமனிதன் 'ஓட்ஸி'யையும் விடலை. உறைநிலையிலேயே பாதுகாக்கிற அந்த உடலை உருக விடக்கூடாது, வெட்டவும் கூடாது. கத்தியே படாம தோலையும் எலும்பையும் பிரிச்சு அறிஞ்சாங்க. டயர் ரப்பரைச் சோதிக்கவும் இதே நுட்பம்தான்.

மாயாஜாலம்னு நினைச்சுடாதீங்க. அழகான படம் வராது, கிராஃப் கோடுதான் வரும். எட்டுற ஆழம் அதிகபட்சம் இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர். நடுவுல உலோகத் தகடு இருந்தா அதுக்குப் பின்னால் எதுவும் கேட்காது. ஹைட்ரஜன் இல்லாத கல்லும் தானாப் பேசாது, அதுக்குள்ள இருக்கற ஈரம்தான் பேசும். ஆனா ஒரு தடவை அளந்த இடத்தை அடுத்த வருஷமும் அளக்கலாம். துளை போட்டு எடுத்த மாதிரியை மறுபடி ஒட்ட முடியுமா?

சரி, என் சுவர் என்னாச்சு? கொத்தனார் நாலு இடத்துல உடைச்சார். கசிவு மேல்வீட்டு பாத்ரூம் குழாயில் இருந்துச்சு. அவ்வளவு தூரம் மௌஸுக்கும் எட்டியிருக்காதுதான். ஆனா அந்த நாலு ஓட்டையும் விழுந்திருக்காது!