மாத்திரையை நிறுத்திய மூன்றாம் நாள்

ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு வட்டாரத்தில் விடிகாலையில் ஷூ கம்பெனி வேன்கள் ஊர் ஊராக வந்து ஆள் ஏற்றிக்கொண்டு போகும். மனச்சிதைவுக்கு மாத்திரை சாப்பிடுகிற ஒருவருக்கு அந்த வேனைப் பிடிப்பதே பெரும்பாடு. ராத்திரி போட்ட மாத்திரையின் அசதி காலையிலும் விடாது. எழுந்திருக்கத் தாமதமானால் வேன் போய்விடும், அன்றைய கூலியும் போய்விடும். தையல் மெஷினில் உட்கார்ந்தால் விரல் நடுங்குகிறது. உடம்பு வேறு ஏறிக்கொண்டே போகிறது. காதில் கேட்டுக்கொண்டிருந்த குரல்கள் நின்றும் பல மாதங்களாகிவிட்டன. "அதான் நல்லாயிட்டியே, இன்னும் எதுக்கு இந்தத் தூக்க மாத்திரை?" என்று வீட்டில் ஒருவர் கேட்டுவிட்டால் போதும். கல்யாணப் பேச்சும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம், மாத்திரை அட்டை அன்றோடு பரணுக்குப் போய்விடும்.

முதல் ஓரிரு நாள் தலை தெளிந்தது போலவே இருக்கும். மூன்றாம் நாள் வாக்கில் தூக்கம் போய்விடும். குமட்டல், வாந்தி, வியர்வை, உடம்புவலி, மூக்கில் நீர் என்று ஜுரம் வருவது போல ஆரம்பிக்கும். உட்கார்ந்தால் இருப்புக்கொள்ளாமல் வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடப்பார். சிலருக்கு உதடும் நாக்கும் விரல்களும் தாமாகவே அசையத் தொடங்கும். இதைப் பார்க்கும் வீட்டார் நோய் திரும்பிவிட்டது என்று நினைப்பார்கள். இல்லாவிட்டால் காத்து கருப்பு என்பார்கள். அது மாத்திரையைச் சட்டென்று நிறுத்தியதால் உடம்பு காட்டும் எதிர்ப்பாகவும் இருக்கலாம் என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ரிஸ்பெரிடோன், ஒலான்சபின், ஹாலோபெரிடால் போன்ற மருந்துகள் மூளையில் டோபமின் என்ற ரசாயனம் போய்ச் சேரும் ஏற்பிகளை மறித்து நிற்கின்றன. மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மறித்தே வைத்திருந்தால் மூளை சும்மா இருப்பதில்லை. ஏற்பிகளின் கூருணர்வைக் கூட்டிக்கொள்கிறது. அந்த நிலையில் மருந்தை ஒரே நாளில் எடுத்துவிட்டால், இருட்டறையில் கிடந்தவர் நடுப்பகல் வெயிலுக்கு வந்தது போலாகிவிடும். வழக்கமான அளவு டோபமினே தாங்க முடியாததாகிவிடுகிறது. கனடாவைச் சேர்ந்த மனநல மருத்துவர் கீ ஷுவினார் இந்தக் கூருணர்வால் சிலருக்கு மனக்குழப்பமே திரும்பலாம் என்று 1970களின் கடைசியிலேயே எழுதினார். குமட்டலும் வியர்வையும் அசெட்டைல்கோலின் என்ற இன்னொரு ரசாயனத்தின் வேலை. கை நடுக்கத்துக்குச் சேர்த்துத் தரும் டிரைஹெக்ஸிஃபெனிடில் மாத்திரையையும் அதே நாளில் நிறுத்தினால் அந்தத் தொல்லை இன்னும் கூடும்.

நிறுத்தியதன் தொல்லையா, நோயே திரும்புகிறதா என்று பிரிப்பது மருத்துவருக்கே சில சமயம் கடினம். ஆனால் சில அடையாளங்கள் உண்டு. நிறுத்திய சில நாட்களுக்குள் வந்து, உடம்புத் தொந்தரவுகளோடு சேர்ந்து, சில வாரங்களில் மெல்லத் தணிந்தால் முதலாவதாக இருக்க வாய்ப்பு அதிகம். நோய் திரும்புவது பெரும்பாலும் வாரங்களோ மாதங்களோ கழித்து, பழைய சந்தேகமும் பழைய குரல்களுமாக மெதுவாகத் தலைகாட்டும். மாதம் ஒருமுறை ஊசி போட்டுக்கொள்பவர்களுக்கு மருந்து உடம்பில் வெகுநாள் தங்குவதால் இந்தக் கணக்கே தள்ளிப்போகும்.

அப்படியானால் மருந்தைக் குறைக்கவே கூடாதா? குறைக்கலாம், ஆனால் அவசரப்படக் கூடாது. 2021இல் மார்க் ஹொரோவிட்ஸ் உள்ளிட்ட லண்டன் ஆய்வாளர்கள் ஒரு முக்கியமான விஷயத்தை எடுத்துக்காட்டினார்கள். மாத்திரையைப் பாதியாக்கினால் மூளையில் அதன் வேலை பாதியாவதில்லை. சிறிய அளவே ஏற்பிகளில் பெரும்பகுதியை மறித்துவிடுகிறது. அதனால் கடைசியில் மிச்சமிருக்கும் அந்தச் சின்னத் துண்டை நிறுத்துவதுதான் மிகப் பெரிய தாவல். கடைசிப் படிகள் மிகச் சிறியவையாக இருக்க வேண்டும், ஒவ்வொரு படிக்கும் நடுவே மாதக்கணக்கில் இடைவெளி வேண்டும் என்பது அவர்கள் வாதம்.

மெதுவாகக் குறைத்தாலும் ஆபத்து இல்லாமல் இல்லை. இங்கிலாந்தில் 253 பேரை வைத்து நடந்து 2023இல் வெளிவந்த ராடார் ஆய்வில், இரண்டு வருடத்தில் மருந்தைக் குறைத்தவர்களில் 25 சதவீதம் பேர் நோய் முற்றி மருத்துவமனையில் சேர நேர்ந்தது. மருந்தைத் தொடர்ந்தவர்களில் அது 13 சதவீதம். இதை மறைத்து யாருக்கும் ஆலோசனை சொல்லக் கூடாது. குளோசபின் சாப்பிடுபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அதை இரண்டு நாளுக்கு மேல் விட்டுவிட்டால் பழைய அளவில் தாமாகவே மறுபடி தொடங்கக் கூடாது. மருத்துவர் குறைந்த அளவிலிருந்துதான் ஏற்றிக்கொண்டு போவார்.

இந்த மெதுவான இறக்கத்தில் மருத்துவரை விட அதிக நேரம் கூட இருப்பது குடும்பம். அந்த உண்மையை வேலூர் வெகு காலத்துக்கு முன்பே கண்டுகொண்டது. நகரத்தின் தெற்குக் கோடியில், டவுன் பஸ்கள் போய் நிற்கும் பாகாயத்தில், கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் (சி.எம்.சி.) மனநல மையம் 1957இல் தொடங்கியது. கனடாவிலிருந்து வந்த டாக்டர் ஃபுளோரன்ஸ் நிக்கோல்ஸ் அதைத் தொடங்கினார். நோயாளியை உள்ளே தள்ளிப் பூட்டுவதே வழக்கமாக இருந்த காலத்தில், கூட ஒரு உறவினரும் தங்க வேண்டும் என்ற ஏற்பாடு இங்கே வேரூன்றியது. அமிர்தசரஸில் டாக்டர் வித்யா சாகர் மருத்துவமனை வளாகத்தில் கூடாரம் போட்டுக் குடும்பங்களைத் தங்கவைத்ததும் அதே 1950களில்தான். கூடவே தங்கிய அம்மாவுக்கோ அண்ணனுக்கோ மாத்திரையின் பெயர் தெரியும், அளவு தெரியும். முந்தாநாள் ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்கினான் என்பதும் தெரியும். குறைக்கிற காலத்தில் மருத்துவருக்கு வேண்டிய தகவலே அதுதான். ஒரு பழைய டைரியில் தூக்கம், சாப்பாடு, நடமாட்டம் மூன்றையும் தினமும் ஒரு வரி எழுதிவைத்தாலே போதும்.

தர்காவுக்கும் கோயிலுக்கும் போவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. வேலூர் வட்டாரத்தில் கே.எஸ். ஜேக்கப் உள்ளிட்ட சி.எம்.சி. மருத்துவர்கள் நடத்திய ஆய்வுகளில், ஒரே ஆள் நோய், செய்வினை, கர்மவினை என்று பல காரணங்களையும் சேர்த்தே நம்புவது தெரிந்தது. அதில் குறை காண ஒன்றுமில்லை. ஏர்வாடி தர்காவுக்கு அருகே இருந்த மனநோயாளர் காப்பகத்தில் 2001 ஆகஸ்ட் 6 அன்று சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் கருகிய பிறகு, பிரார்த்தனை ஒரு பக்கம், மருந்து ஒரு பக்கம் என்று இரண்டையும் சேர்த்தே தரும் ஏற்பாடு அந்தத் தர்காவில் வந்தது. தாயத்து கட்டிக்கொள்ளட்டும், மாத்திரையும் தொடரட்டும்.

ஏற்கெனவே நிறுத்திவிட்டுத் தவிப்பவர்கள் வெட்கப்படாமல், பயப்படாமல் மருத்துவரிடம் போய் "நான் இத்தனை நாளாகச் சாப்பிடவில்லை" என்று உள்ளதைச் சொல்லிவிட வேண்டும். பெரும்பாலும் மருந்தைக் கொஞ்சம் திரும்பக் கொடுத்து, பிறகு சின்னச் சின்னப் படிகளாக இறக்குவார்கள். தூக்கம் கெடாமல் பார்த்துக்கொள்வதும், அந்தச் சில வாரங்கள் நைட் ஷிப்டைத் தவிர்ப்பதும், குடியையும் கஞ்சாவையும் தொடாமல் இருப்பதும் உடம்பு தேறப் பெரிதும் உதவும். கடும் ஜுரத்தோடு உடம்பு விறைத்தாலோ, சாகும் எண்ணம் வந்தாலோ ஒரு நாளும் காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கூட்டிப்போய்விடுங்கள். பகல், இரவு எந்நேரமும் 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் காசு செலவில்லாமல் தமிழிலேயே ஆலோசனை கேட்கலாம்.