பழைய சைக்கிளின் கம்பிப் பிறேக்

2022ஆம் ஆண்டு எரிபொருளின்றித் தவித்த மாதங்களில், தாழ்வாரங்களிலே தூசி படிந்து கிடந்த பழைய றலி, ஹம்பர் வண்டிகள் பல மீண்டும் வீதிக்கு இறங்கின. யானும் எந்தையாரின் சைக்கிளைத் துடைத்தெடுத்தேன். சில்லுகளுக்குக் காற்றடித்தேன், சங்கிலிக்கு எண்ணெயிட்டேன், பிறேக்கை மாத்திரம் பார்த்திலேன். மழை தூறிய ஒரு காலையில், சந்தியிலே மாணவன் ஒருவன் குறுக்கிட்டபோது, பிடியை முற்றாக அழுத்தியும் வண்டி நின்றிலது. அவன் துள்ளி விலகினமையால் இருவரும் பிழைத்தோம். மாலையிற் பார்த்தால், பின் கட்டைகள் இரண்டும் கல்லாய் இறுகியிருந்தன. முன்னே வலக் கட்டை மாத்திரமே தொட்டது.

இக்கால வண்டிகள் பலவற்றில் பிறேக் கட்டைகள் றிம்மின் இரு பக்கங்களையும் கவ்வும். பழைய வண்டியிலோ, லாடம் போன்ற இரும்பொன்றைக் கம்பி இழுக்க, அதன் இரு முனைக் கட்டைகளும் றிம்மின் உட்புறத்தை, அஃதாவது சில்லுக் கம்பிகள் புறப்படும் முகத்தை, அழுத்தும். ஆதலின் றிம் வட்டங் குலைந்திருப்பதே இங்குப் பெருந் தீங்கு. முதலிற் சில்லைச் சுழற்றி இதனைக் கவனித்தல் வேண்டும். நெளிந்த சில்லுக்குப் பிறேக்கைச் சரிசெய்வது கோணிய நிலைக்குக் கதவு பூட்டுவது போன்றதாம்.

அடுத்து, சில்லு முன்கவையின் நடுவில் நிற்கின்றதா என நோக்குக. அச்சு ஒரு பக்கம் முற்றாக அமராவிடின் றிம் சாய்ந்து ஒரு கட்டை முந்தித் தொடும். இதனை அறியாது லாடத்தை வளைத்துக் கெடுப்பார் பலர். அச்சுச் சுரைகளைத் தளர்த்திச் சில்லை நேராக்கிய பின்னும் ஒரு கட்டை முந்துமாயின், கவையின் கால்களிற் பூட்டியுள்ள வழிகாட்டிகளைத் தளர்த்திப் பிடியை மெல்ல அழுத்தி, லாடம் நடுவில் வந்து நிற்குமிடத்தில் இறுக்குக. பின்னர், கம்பிகள் இணையுமிடத்துச் சுரையைத் தளர்த்தி இடைவெளியைத் திருத்தலாம். ஏறத்தாழ 1/8 அங்குலம் போதும்; றிம் மிக உள்வாங்கிய இடத்தை வைத்தே அளக்க.

பின் சில்லில் ஒரு நுட்பமுண்டு. சங்கிலியை இறுக்கச் சில்லைப் பின்னிழுக்கையில், றிம்மின் முற்பகுதி கட்டைகளை நெருங்கிவிடும். மறுநாள் மிதிக்கப் பாரமாயிருந்தால் பாவம், சங்கிலியையே பழிப்போம்! சங்கிலி முதலில், பிறேக் பின்னர்.

புதுக் கட்டை பூட்டுங்கால், கூட்டின் மூடிய முனை முன் சில்லில் முன்னோக்கியும் பின் சில்லிற் கீழ்நோக்கியும் இருத்தல் வேண்டும். மாறினால், அழுத்தும் வேளையிலேயே றப்பர் கழன்றோடும். இவ்வளவு செய்தாலும், நனைந்த உருக்கு றிம்மிற் கட்டை நன்கு பிடியாது. மழையிற் சந்திக்கு நெடுந்தூரம் முன்னரே பிடியை மெல்ல அழுத்தி நீரை வழித்துக்கொள்க.