ஜாஸ் இசையும் அதனை வளர்த்த கூடங்களும்

இசை வரலாறு எழுதுவோர் பாடினோரையும் பாட்டினையும் பற்றி விரிவாக எழுதுவர். பாடிய இடத்தைப் பற்றி எழுதுவது அரிது. ஆயினும் இடம் என்பது வெறும் நிலமும் கூரையும் அன்று. திருவிழாக் காலத்திற் கோயில் வீதியில் நள்ளிரவு கடந்தும் நிகழும் மேளக்கச்சேரியையும், அதே வித்துவான்கள் நகர மண்டபத்தில் இரண்டரை மணி நேரத்துள் முடித்துக்கொடுக்கும் கச்சேரியையும் கேட்டோர் இதனை எளிதில் உணர்வர். வீதியில் ஓர் இராகத்தை ஒரு மணி நேரம் விரித்து வாசிக்கும் கலைஞர் மண்டபத்திற் கடிகாரத்தைப் பார்க்கின்றார். எவர் இருந்து கேட்கலாம், எவர் தள்ளி நிற்கவேண்டும் என்பதையும் இடமே வகுத்துவிடுகின்றது. இவ்வுண்மைக்கு மிகத் தெளிவான சான்று ஜாஸ் எனப்படும் அமெரிக்க இசையாகும். நம்மவருட் சிலர் அதனைக் கூச்சலென்று ஒதுக்குவர். அது பிறந்த வகையை அறிந்தால் அவ்வாறு ஒதுக்கார் என்பது எம் எண்ணம்.

ஐக்கிய அமெரிக்காவின் தென்பால், மிசிசிப்பி ஆற்றங்கரையில் அமைந்த துறைமுக நகரம் நியூ ஓர்லியன்ஸ். பிரெஞ்சுக்காரரும் ஸ்பானியரும் ஆண்டபின் 1803இல் அஃது அமெரிக்கர் வசமாயிற்று. ஆபிரிக்காவிலிருந்து விலங்கிட்டுக் கொணரப்பட்ட அடிமைகளும் அவர்தம் மக்களும் ஞாயிற்றுக்கிழமைகளிற் கூடி ஆடிப்பாடுவது அங்கு வழக்கமாயிருந்தது. 1817இல் நகர ஆட்சியாளர் அக்கூட்டங்களை ஒரேயோர் இடத்துக்கு, அதுவும் பொழுது சாயும் வரைக்கும் என்று மட்டுப்படுத்தினர். கொங்கோ சதுக்கம் என வழங்கிய அத்திறந்த வெளியில் ஆபிரிக்கத் தாளங்கள் மாயாது நிலைபெற்றன. அடக்குதற்கென்று குறித்துக் கொடுத்த இடமே அவ்விசைக்கு முதற் கூடமாயிற்று.

உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்து அடிமைத்தளை அகன்றபின், அம்மக்கள் ஐரோப்பியரின் பித்தளைக் கருவிகளைக் கைக்கொண்டனர். சவ ஊர்வலம் இடுகாட்டுக்குச் செல்லுகையில் மெல்லிய சோகப் பண்ணும், அடக்கம் முடிந்து மீளுகையில் துள்ளும் நடையும் வாசித்தல் அந்நகரின் மரபு. சாவீட்டில் ஒலிக்கும் பறைமேளத்தை அறிந்த நமக்கு இது விளங்காததன்று. தேவாலயத்துப் பக்திப் பாடல், வயலில் வேலை செய்வோர் எழுப்பும் குரல், படைவாத்தியத்தின் நடை ஆகியவை கலந்து, ஏறக்குறைய 1900ஆம் ஆண்டளவில் ஜாஸ் உருவாயிற்று.

அதன் இலக்கணம் நம் சங்கீதம் பயின்றோர்க்கு அந்நியமானதன்று. 'புளூஸ்' என்னும் அமைப்பை எடுத்துக்கொள்வோம். நான்கு மாத்திரை கொண்ட பன்னிரண்டு கூறுகள் சேர்ந்தது ஒரு சுற்று. அதாவது நாற்பத்தெட்டு மாத்திரையில் அமைந்த ஓர் ஆவர்த்தனம். இச்சுற்று மாறாது திரும்பத் திரும்ப வர, அதன்மீது ஒவ்வொரு கலைஞரும் தத்தம் மனோதர்மப்படி அவ்வப்போதே கற்பனை செய்து வாசிக்கின்றனர். கற்பனை சுவரமும் தனியாவர்த்தனமும் நினைவுக்கு வருகின்றன அல்லவா? வேறுபாடு ஒன்றுண்டு. நாம் ஒரே சுருதியின்மேல் இராகத்தை விரிக்கின்றோம்; அவர்களோ சுற்றுக்குள் அடுத்தடுத்து மாறும் சுரக்கூட்டுக்களை அனுசரித்துக் கற்பனையைச் செலுத்தவேண்டும்.

நியூ ஓர்லியன்சில் மதுச்சாலைகளும் பரத்தையர் இல்லங்களும் மலிந்த ஸ்ரோறிவில் என்னும் பகுதி, கடற்படையினரின் வற்புறுத்தலால் 1917இல் மூடப்பட்டது. அதனாலேயே ஜாஸ் கலைஞர் வடக்கே பெயர்ந்தனர் என்பது பலர் சொல்லும் கதை. உண்மையில், தென்மாநிலங்களின் நிறக்கொடுமையும் வடக்கின் தொழிற்சாலைகள் தந்த கூலியும் இலட்சக்கணக்கான கறுப்பின மக்களை ஏற்கெனவே இடம்பெயரச் செய்துகொண்டிருந்தன. இசைஞர் அவர்களோடு சென்றனர். லூயி ஆம்ஸ்ட்றோங் 1922இற் சிக்காகோ சென்று, தம் குருவனைய கிங் ஒலிவரின் குழுவில் லிங்கன் கார்டன்ஸ் நடன மண்டபத்திற் சேர்ந்தார். ஜாஸின் முதல் இசைத்தட்டு 1917இல் வெளிவந்தபோது அதில் வாசித்தோர் யாவரும் வெள்ளையர் என்பதையும் இங்கே குறிப்பிடல் வேண்டும்.

நியூயோர்க்கின் ஹார்லெம் பகுதியிலிருந்த கொட்டன் கிளப் என்ற கேளிக்கைக் கூடத்தை ஆராய்ந்தால் இவ்விசையின் அவலம் முழுவதும் புலப்படும். டியூக் எலிங்டன் 1927 டிசம்பரில் அங்கே வாசிக்கத் தொடங்கினார். மேடையில் இருந்தோர் அனைவரும் கறுப்பினத்தவர். கேட்க வந்தோரோ வெள்ளையர் மட்டுமே. பழைய அடிமைத் தோட்டங்களின் சாயலில் அக்கூடம் அலங்கரிக்கப்பட்டிருந்தது. தம் சொந்தப் பேட்டையில், தம் இனத்தான் வாசிப்பதைக் கேட்க ஹார்லெம் மக்கள் உள்ளே நுழைய முடியவில்லை. அக்கூடத்திலிருந்து வானொலி பரப்பியதையே அவர்கள் கேட்கலாயினர். அதே பேட்டையில் 1926இல் திறந்த சவோய் நடன மண்டபத்தில் இரு நிறத்தாரும் ஒருங்கே ஆடினர் என்பது சற்று ஆறுதல். பின்னர் 1940களின் தொடக்கத்தில், மின்ரன்ஸ் என்ற சிறிய விடுதியில், ஆட்டத்துக்கன்றித் தமக்காகவே இளங்கலைஞர் கூடி வாசித்தபோது 'பீபொப்' என்னும் விரைவும் நுட்பமும் மிக்க புதுநடை பிறந்தது. பெரிய நடன மண்டபத்தில் அது பிறந்திராது.

இவ்விசை நம் பக்கம் வந்த வரலாறும் கூடங்களின் வரலாறே. 1903இல் திறக்கப்பட்ட பம்பாய்த் தாஜ்மகால் ஹோட்டலில், 1935இல் லியோன் அபே தம் கறுப்பினக் குழுவுடன் வந்து வாசித்தார். அவரையடுத்து வந்தோருள் பியானோ வல்லுநர் ரெடி வெதர்போர்ட் குறிப்பிடத்தக்கவர். சிக்காகோவில் ஆம்ஸ்ட்றோங்குடன் வாசித்த இவர், பின் ஷங்காய் முதலிய கீழைநாட்டு நகரங்களிற் காலம் கழித்தார். தாயகத்தின் பெரிய ஹோட்டல்கள் பலவற்றில் விருந்தினராய் நுழைய இயலாதவர் இங்கே அரசரும் ஆளுநரும் அமரும் அவையில் நடுநாயகமாய் வீற்றிருந்தார். ஆனால் வீதியில் நடந்த இந்திய ஏழைக்கும் அக்கதவு திறக்கவில்லை என்பதை மறத்தல் ஆகாது. உலகப் போர்க் காலத்தில் வெதர்போர்ட் கல்கத்தா கிராண்ட் ஹோட்டலில் அமெரிக்கப் போர்வீரர்க்கு வாசித்தார். அக்காலத்தில், 1943இல், அந்நகர வீதிகளில் வங்கத்துப் பஞ்சத்தால் மக்கள் மாண்டுகொண்டிருந்தனர். அவர் தாமும் 1945இல் அங்கேயே வாந்திபேதி கண்டு இறந்தார், வயது நாற்பத்தொன்று.

இக்குழுக்களிற் பயின்று அவ்விசையை இம்மண்ணிற் பரப்பியவர் கோவா நாட்டுக் கிறிஸ்தவர். போர்த்துக்கேயரின் கோயிற் பள்ளிகளில் இளமையிலேயே மேனாட்டுச் சுரலிபியும் வயலினும் கற்றவர்கள் அவர்கள். இரவில் ஹோட்டலிலும் பகலில் பம்பாய்த் திரைப்படக் கூடத்திலும் வாசித்துப் பிழைத்தனர். இந்தியாவின் ஆம்ஸ்ட்றோங் எனப் புகழப்பெற்ற சிக் சொக்கலேற், இசையமைப்பாளர் சி. இராமச்சந்திராவுடன் 'அல்பேலா' (1951) என்ற படத்திற் பணிபுரிந்தார். அடுத்த ஆண்டு அகில இந்திய வானொலி திரைப்பாடல்களை விலக்கியபோது, அவற்றை அள்ளி வழங்கியது நமது இலங்கை வானொலி. ஜாஸ் என்ற பெயரையே கேட்டிராத இல்லங்களிலும் அதன் நடை இவ்வாறு புகுந்தது.

ஈழத்துக்கு ஆபிரிக்க இசை வந்தது இதற்கும் மிக முந்தியது. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் கொணர்ந்த ஆபிரிக்கரின் வழித்தோன்றல்கள் புத்தளத்தை அடுத்த சிறாம்பியடியில் இன்றும் 'மஞ்ச' என்னும் பாடல்களைப் பாடுகின்றனர். மட்டக்களப்புப் பறங்கியர் திருமண வீடுகளில் ஆடும் 'கபிரிஞ்ஞா' ஆட்டமும் ஆபிரிக்கத் தொடர்பைப் பெயரிலேயே தாங்கியுள்ளது. ஐரோப்பிய வயலினும் ஆபிரிக்கத் தாளமும் நம் கிழக்குக் கரையிலுங் கலந்தன. ஆனால் அக்கலப்பு கலியாண வீட்டோடு நின்றது. நியூ ஓர்லியன்சில் அமைந்தவை போன்ற ஊதியந்தரும் கூடங்கள் அதற்கு வாய்க்கவில்லை.

அமெரிக்க அரசு, சோவியத் நாட்டுடன் நிகழ்த்திய பனிப்போரிற் சுதந்திரத்துக்குச் சான்றாக ஜாஸ் கலைஞரை உலகெங்கும் அனுப்பியது. 1958இல் டேவ் புறூபெக் குழுவினர் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்தனர். சென்னையில் அக்குழுவின் தாளவித்துவான் ஜோ மொறெல்லோ, மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளையுடன் சேர்ந்து வாசித்தார். மொழி தெரியாத இருவர் கணக்கினாலேயே உரையாடிய அந்நிகழ்ச்சி, எத்தனை நல்லெண்ண உரைகளுக்கும் மேலானது. அக்குழுவில் நாண்வாத்தியம் வாசித்த யூஜீன் றைற் கறுப்பினத்தவர். நம்மிடையே தம் நாட்டின் தூதராக வந்த அவரை மாற்றினாலன்றி இடந்தரோம் என 1960இல் அமெரிக்கத் தென்மாநிலக் கல்லூரிகள் சொல்லின. புறூபெக் இணங்கவில்லை, இருபத்தைந்து கச்சேரிகளில் இருபத்துமூன்று கைவிடப்பட்டன. 1963இல் எலிங்டன் தம் பெருங்குழுவுடன் டெல்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை, கொழும்பு ஆகிய நகரங்களுக்கு வந்தார். நவம்பரில் ஜனாதிபதி கென்னடி கொலையுண்டதால் அப்பயணம் துருக்கியில் இடைநின்றது.

நிறைவாக, யாழ்ப்பாணத்துக்கு உரியதொரு செய்தி. வயலின் வித்துவான் வி. லட்சுமிநாராயணா யாழ்ப்பாணத்தில் இசையாசிரியராக இருந்தவர். 1958இன் இனக்கலவரத்தின்பின் குடும்பத்துடன் இந்தியா திரும்பினார். அவர் மைந்தருள் எல். சுப்பிரமணியம் பின்னாளில் பிரெஞ்சு ஜாஸ் வயலின் மேதை ஸ்தெபான் கிறப்பெல்லியுடன் இசைத்தட்டு வெளியிட்டார். இளையவர் எல். சங்கர் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்துக்குப் படிக்கச் சென்றார். ஆங்கிலேய ஜாஸ் கிற்றார்க் கலைஞர் ஜோன் மக்லொக்லின் அங்கே எஸ். இராமநாதனிடம் வீணை பயின்று வந்தார். இருவரும், தபேலா சாகிர் உசேன், கடம் விக்கு விநாயக்ராம், மிருதங்கம் இராமநாதபுரம் இராகவன் ஆகியோரும் சேர்ந்து 'சக்தி' என்ற குழுவாயினர். மதுக்குவளையின் ஒலி கேட்கும் விடுதியிலன்றி, நியூயோர்க் மாநிலத்துச் சவுத்தம்ரன் கல்லூரியில், 1975 ஜூலை 5ஆம் நாள், மாணாக்கர் முன்னிலையில் அவர்கள் வாசித்ததே அக்குழுவின் முதல் இசைத்தட்டாக மறுவருடம் வெளிவந்தது. மேனாட்டுக் கலைஞர் மேடையிற் சம்மணமிட்டு அமர்ந்து, மிருதங்கத்துக்கும் கடத்துக்கும் எதிர்முகமாய்க் கிற்றாரை மீட்டினார். சக்தியின் பிற்கால இசைத்தட்டொன்று 2024இல் கிறாமி விருது பெற்றது.

நியூயோர்க்கில் 1935இல் தொடங்கிய வில்லேஜ் வான்கார்ட் என்னும் நிலவறைக் கூடம் இன்றும் இயங்குகின்றது. அங்கே நூற்றிருபது பேரளவிலேயே அமரலாம். ஊர்க்கோயில் ஒன்றின் வசந்தமண்டபத்தில் அத்தனை பேர் அமர்வர்.