கலயம் முதல் கார்ட்டன் வரை

பனை நீராவை இறக்குவது கூட சுலபம். எதில் அடைத்து விற்பது என்பதுதான் பெரும்பாடு.

ஹைதராபாத், ஹுசேன் சாகர் ஏரிக்கரை. அங்குள்ள நெக்லஸ் ரோட்டில் 2023இல் 'நீரா கஃபே' திறக்கப்பட்டது. தெலங்கானா அரசின் முயற்சி இது. பனையேறும் கவுட் சமூகத்தினருக்கு வருமானம், நகரவாசிகளுக்கு இயற்கை பானம் என்பது திட்டம். நம்மூர் பதநீரின் உடன்பிறப்புதான் நீரா. பதநீர் கெடாமல் இருக்க சுண்ணாம்பை நம்புகிறது. நீரா குளிரை நம்புகிறது.

நல்ல சரக்குதான். பிறகு ஏன் அது கோலா போல பெட்டிக்கடை தோறும் தொங்கவில்லை? ஏரிக்கரைக்குத் தேடிப் போய்க் குடிக்க வேண்டிய பொருளாக ஏன் இருக்கிறது? விடை பானத்தில் இல்லை, பாத்திரத்தில் இருக்கிறது.

பாளையிலிருந்து சொட்டும்போது சாறு வெறும் தித்திப்பு. பத்து சதவீதத்துக்கு மேல் சர்க்கரை. காற்றிலும் கலயத்திலும் ஒட்டியிருக்கும் ஈஸ்ட்டுக்கு இதைவிட நல்ல விருந்து கிடையாது. வெயிலில் சில மணி நேரம் போதும்: நுரைக்கும், புளிக்கும், கள்ளாகிவிடும். நீரா ஆரோக்கிய பானம்; கள் மது. காலையில் பாட்டிலில் போன சரக்கு மாலையில் கலால் சட்டத்துக்குள் நுழைந்துவிடும். இப்படி ஒரு தலைவலி பழரச வியாபாரிக்கு இல்லை.

பனையேறிகள் இதற்கு எப்போதோ வழி கண்டார்கள். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு பூசினால் சாறு காரத்தன்மை அடைகிறது, ஈஸ்ட் அடங்குகிறது. குடிக்கக் கொடுப்பது பனை ஓலைப் பட்டையில். குடித்ததும் தூக்கி எறியலாம், ஆடு தின்றுவிடும். உலகின் எந்தப் பேக்கேஜிங் நிபுணரும் மெச்சக் கூடிய ஏற்பாடு. ஆனால் அது மரத்தடிக்கும் சாலையோரத்துக்கும் மட்டுமே சரி. நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் அடுக்குமாடிக்குப் பட்டை போகாது. சுண்ணாம்பு வாசனையும் எல்லோருக்கும் பிடிப்பதில்லை.

காசர்கோட்டில் உள்ள மத்திய தோட்டப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் தென்னைக்கு ஒரு வழி சொன்னது. பாளையின் கீழே ஐஸ் வைத்த சிறு பெட்டியைக் கட்டி, சாறு சொட்டும்போதே குளிரவைப்பது. சுண்ணாம்பு வேண்டாம். ருசி அப்படியே இருக்கும். ஆனால் அந்தக் குளிர் மரத்திலிருந்து வாடிக்கையாளர் கை வரை ஒரு கணமும் அறுந்துவிடக் கூடாது. மரம் ஏறுகிறவர் இனி ஐஸையும் சுமக்க வேண்டும். அந்தச் செலவு யார் தலையில்?

காய்ச்சி அடைக்கலாமே என்று கேட்கலாம். இங்கேதான் மாம்பழச் சாறும் நீராவும் பிரிகின்றன. மாம்பழச் சாற்றில் புளிப்பு உண்டு. விஷக்கிருமிகள் அதில் வளர்வது கடினம், மிதமான சூடு போதும். புது நீராவில் புளிப்பு கிடையாது. குளிர்ப்பெட்டி இல்லாமல் மாதக்கணக்கில் வைக்க வேண்டுமானால் 120 டிகிரி செல்ஷியஸைத் தாண்டிச் சூடாக்க வேண்டும். அவ்வளவு சூட்டில் நிறம் பழுப்பாகும், கருப்பட்டி வாசனை தட்டும்.

அடைக்கும் பாத்திரத்துக்கும் இதே சோதனைதான். பாலிதீன் பை மலிவு. குளிர் தவறினால் உள்ளே வாயு உண்டாகி பலூனாக உப்பிவிடும். சாதாரண பெட் பாட்டில் எழுபது, எண்பது டிகிரியிலேயே நெளியும். கண்ணாடி சூடு தாங்கும், வாசனை சேர்க்காது, கழுவித் திரும்பப் பயன்படுத்தலாம். ஆனால் உடையும், சின்ன பாட்டிலில் சரக்கைவிடக் கண்ணாடியே அதிக எடை. டின் வெளிச்சத்தையும் காற்றையும் தடுக்கும். அடைத்து மூட மெஷின் வேண்டும்.

காகிதம், பாலிதீன், அலுமினியம் அடுக்கிய கார்ட்டன் பார்க்க அழகு. குளிர்ப்பெட்டி இல்லாமலே மாதக்கணக்கில் தாங்கும். ஆனால் அந்த மெஷின் விலை கோடிகளில். அது ஓய்வின்றி ஓடினால்தான் கட்டுப்படி ஆகும். பனையோ வருடத்தில் சில மாதமே சாறு தரும். மீதி மாதங்களில் மெஷின் எதை அடைக்கும்? கேரளத்தில் தென்னை நீராவுக்கு வழி பிறந்ததும் உற்சாகமாக இறங்கிய உற்பத்தியாளர் கம்பெனிகள் பல திணறியதை மறக்க முடியாது. தென்னை நீராவுக்கு அனுமதி என்று தமிழகம் 2017இல் அறிவித்தபோதும் இதே கேள்வி காத்திருந்தது.

அப்படியானால் திறந்த பாத்திரத்தில் விற்பதே போதுமா? ஹைதராபாத் அதற்குக் கசப்பான பதில் வைத்திருக்கிறது. 2025 ஜூலையில் கூகட்பள்ளி பகுதியில் கலப்படக் கள் குடித்துப் பலர் இறந்தார்கள். எங்கே, யார், எப்போது நிரப்பியது என்று தெரியாத சரக்கு. மூடியில் ஒரு சீல், மேலே தேதியும் நேரமும் இருந்தால் குடிப்பவருக்கு ஒரு காவல். நேர்மையாக இறக்கும் தொழிலாளிக்கும் அதுவே சாட்சி.

ஆகவே பாத்திரத்தைத் தேர்ந்தெடுப்பவர் முதலில் கேட்க வேண்டியது விலையை அல்ல, நேரத்தை. மரத்துக்கும் வாய்க்கும் இடையே எத்தனை மணி நேரம்? ஒரு மணி நேரம் என்றால் பட்டையை மிஞ்ச ஆளில்லை. அதே நாளில் விற்றுவிடலாம் என்றால் சீல் வைத்த கண்ணாடி பாட்டில், ஐஸ் பெட்டி, காலி பாட்டிலைத் திரும்பப் பெறும் ஏற்பாடு. பல வாரம், பல ஊர் என்றால் டின் அல்லது கார்ட்டன். அதைத் தனி ஆள் தாங்க முடியாது. பல ஊர்க் கூட்டுறவுச் சங்கங்கள் சேர்ந்து ஒரே ஆலை வைத்து, சாறு இல்லாத மாதங்களில் வேறு பானத்தை அடைக்க வேண்டும்.

இதை மாற்றிச் செய்தால் நஷ்டம் மெஷின் விற்றவருக்கு இல்லை. விடியுமுன் இடுப்பில் அரிவாளோடு மரமேறி, உயிரைப் பணயம் வைத்துச் சாறு இறக்குகிறாரே, அவருக்கு.