மனநலம் யார் பொறுப்பு? – 9: படிக்கிற பிள்ளைக்குச் சம்பளம் எதற்கு?

மருத்துவக் கல்லூரிகளின் மனநலப் பிரிவில் இரண்டு வகைப் பயிற்சி மாணவர்கள் இருப்பார்கள். ஒருவர் எம்.டி. மனநல மருத்துவம் படிப்பவர். மற்றவர் எம்.ஏ. அல்லது எம்.எஸ்சி. உளவியல் முடித்துவிட்டு, எம்.ஃபில். மருத்துவ உளவியல் என்ற இரண்டாண்டு முழுநேரப் படிப்பில் இருப்பவர். ஓ.பி.யில் நோயாளியைப் பார்ப்பது, வரலாறு எழுதுவது, வார்டுக்குப் போவது எல்லாம் இருவருக்கும் உண்டு. முதலாமவருக்கு மாதந்தோறும் உதவித்தொகை தரவேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் விதியே சொல்கிறது. இரண்டாமவருக்கு பெங்களூரு நிம்ஹான்ஸ், ராஞ்சி மத்திய மனநல நிறுவனம் (சி.ஐ.பி.) போன்ற அரசு நிறுவனங்களில் இடம் கிடைத்தால் உதவித்தொகை உண்டு. தனியார் கல்லூரி என்றால் பெரும்பாலும் லட்சக்கணக்கில் கட்டணம் செலுத்திவிட்டுத்தான் அதே வேலையைச் செய்யவேண்டும். இந்த மாணவர்களுக்கு உதவி என்றதும் விழிப்புணர்வு முகாம், யோகா வகுப்பு, மன அழுத்தம் பற்றிய கருத்தரங்கு என்றுதான் நிர்வாகங்களுக்குத் தோன்றுகிறது. அவர்களுக்கு முதலில் வேண்டியது மாதச் சம்பளம்.

ஒரு குழந்தைக்கு அறிவுத்திறன் சோதனை செய்வதையே எடுத்துக்கொள்வோம். குழந்தையை இணக்கப்படுத்தி, சோதனை நடத்தி, பெற்றோரிடம் பேசி, மதிப்பெண் கணக்கிட்டு, அறிக்கை எழுதி முடிக்க அரைநாள் போய்விடும். அந்த அறிக்கையை வைத்துத்தான் மாற்றுத்திறனாளிச் சான்றிதழும், அதன் வழியாக அரசின் பராமரிப்பு உதவியும் கிடைக்கின்றன. பல இடங்களில் இந்த வேலையின் பெரும்பகுதியைச் செய்பவர் பயிற்சி மாணவர். சரிபார்த்துக் கையெழுத்திடுபவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் (ஆர்.சி.ஐ.) பதிவு பெற்ற மேற்பார்வையாளர். தனியார் மருத்துவமனை இதற்கு நோயாளியிடம் பில் போடுகிறது. பில் போடும்போது சேவையாக இருப்பது, சம்பளம் கேட்டால் மட்டும் படிப்பாகிவிடுகிறது.

“அவர்கள் கற்றுக்கொள்ளத்தானே வந்திருக்கிறார்கள்” என்பது வழக்கமான பதில். உண்மைதான், எம்.டி. மாணவரும் அதற்குத்தான் வந்திருக்கிறார். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மருத்துவ உளவியலாளர் யார் என்று வரையறுக்கும்போது, எம்.ஃபில். படிப்பில் மேற்பார்வையுடன் கூடிய மருத்துவப் பயிற்சி அடங்கியிருக்க வேண்டும் என்கிறது. நோயாளியைப் பார்க்காமல் அந்தப் படிப்பை முடிக்கச் சட்டப்படியே வழியில்லை. இங்கிலாந்தில் இதைப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். அங்கே மூன்றாண்டு மருத்துவ உளவியல் முனைவர் படிப்பில் சேரும் மாணவர் பொதுவாக அரசு சுகாதார சேவையின் ஊழியர். அந்தச் சேவையின் ஊதிய அட்டவணையில் ஆறாம் நிலைச் சம்பளம் அவருக்கு உண்டு.

பணத்துக்கு எங்கே போவது என்று கேட்பவர்கள், பணம் தராததால் யார் வெளியே நிற்கிறார்கள் என்பதையும் பார்க்கவேண்டும். முதுநிலைப் பட்டம் வாங்கிய பிறகு இன்னும் இரண்டு ஆண்டு வருமானமின்றி, கட்டணமும் கட்டிப் படிக்க எந்த வீட்டுப் பிள்ளையால் முடியும்? மற்ற சிகிச்சைகளைப் போலன்றி, உளச்சிகிச்சைக்குப் பேச்சுதான் கருவி. கடன்காரனுக்குப் பயந்து தூக்கம் தொலைத்த விவசாயி சொல்வதையும், சாதியின் பெயரால் அவமானப்பட்ட மாணவி சொல்லாமல் விடுவதையும் பிடித்துக்கொள்ள, அந்த வாழ்க்கையை அறிந்தவர்களும் இந்தத் துறைக்குள் வரவேண்டும். 2015-16 தேசிய மனநல ஆய்வின்படி, நோயின் வகையைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம் பேர் சிகிச்சை பெறாமல் இருக்கிறார்கள். 2022-இல் 14416 என்ற ‘டெலி மானஸ்’ உதவி எண்ணை மத்திய அரசு தொடங்கியது. எண்ணை அறிவிப்பது எளிது. எதிர்முனையில் பேசுவதற்குப் பயிற்சி பெற்றவர்களை உருவாக்கத்தான் செலவாகும்.

சற்று வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு. சம்பளத்தைக் கட்டாயமாக்கினால் கல்லூரிகள் இடங்களைக் குறைத்துவிடும், ஏற்கெனவே ஆள் பற்றாக்குறை என்பது அது. இந்த அபாயத்தை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் அமெரிக்காவின் அனுபவம் வேறு வழியைக் காட்டுகிறது. அங்கே முனைவர் பட்டத்துக்கு முன் ஓராண்டு மருத்துவமனைப் பயிற்சி கட்டாயம். ஒரு காலத்தில் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான மாணவர்கள் இடமில்லாமல் நின்றார்கள். அமெரிக்க உளவியல் சங்கம் 2012-இல் தரச்சான்று பெற்ற இடங்களை உருவாக்க 30 லட்சம் டாலர் வரை ஒதுக்கியது. விண்ணப்பிப்போர் எண்ணிக்கை குறைந்ததும் சேர்ந்துகொள்ள, 2018 வாக்கில் இடங்கள் விண்ணப்பங்களை மிஞ்சின. பணம் ஒதுக்கினால், தரத்தை விட்டுக்கொடுக்காமலே இடத்தைப் பெருக்கலாம் என்று அங்கே தெரிந்தது. நம் கல்லூரிகளிலும் இடம் குறையாமல் இருக்க, உதவித்தொகையில் ஒரு பங்கை அரசு ஏற்கலாம். பதிலுக்கு, படிப்பு முடித்தவர் மாவட்ட மனநலத் திட்டத்தில் சில காலம் பணியாற்றலாம். அரசு செலவில் படித்தவர் வெளிநாடு போய்விடுவார் என்ற கவலைக்கும் அதில் பதில் இருக்கிறது.

இதைச் செய்வதற்குத் தோதான நேரம் இது. பல்கலைக்கழக மானியக் குழு 2022 விதிமுறைகளில் எம்.ஃபில். படிப்பையே நிறுத்தியது. மருத்துவ உளவியலுக்கும் மனநலச் சமூகப் பணிக்கும் மட்டும் 2025-26 கல்வியாண்டு வரை சேர்க்கைக்கு அவகாசம் தந்தது. பழைய படிப்பின் இடத்துக்கு வரும் படிப்புகளுக்கு விதி எழுதும்போது, ஒரு மேற்பார்வையாளருக்கு எத்தனை மாணவர் என்பதோடு, மாணவருக்கு மாதம் எவ்வளவு என்பதையும் ஆர்.சி.ஐ. எழுதவேண்டும். அதுவரை, மருத்துவ உளவியல் படிப்பில் சேர நினைப்பவர்கள் கட்டணம் கட்டும் முன் கல்லூரியிடம் கேளுங்கள்: உதவித்தொகை எவ்வளவு, பதிவு பெற்ற மேற்பார்வையாளர்கள் எத்தனை பேர், வாரத்தில் எத்தனை மணி நேரம் அவர்கள் உங்களோடு உட்கார்ந்து கேஸ் பேசுவார்கள்? பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.