உரம் போட்டால் சாகும் செடி



செம்பனைக்கு மூட்டை மூட்டையாய் உரம் போட்ட கை நம் கை. செடி வாடினால் உடனே, "உரம் பத்தல" என்போம். ஆனால் உரம் போட்டதாலேயே செத்துப் போகும் செடியும் ஒன்று உண்டு. அதுதான் பூச்சி தின்னும் குடுவைச் செடி. மலாய்க்காரர்கள் 'பெரியுக் கெரா' என்பார்கள். குரங்குப் பானை என்று பொருள்.

தோட்டத்தை விட்டு அடுக்குமாடிக்குக் குடிபோன வீடுகளில், பழைய மீன் தொட்டியில் இதை வளர்க்கப் பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள். நாமும் வளர்த்தோம். பழக்க தோஷத்தில் ஒரு சிட்டிகை உரம் போட்டோம். சில வாரத்தில் குடுவையெல்லாம் கருகிப் போச்சு. பிறகுதான் விசாரித்துத் தெரிந்து கொண்டோம்.

இச்செடி சத்தில்லாத சதுப்பிலும் மணல் காட்டிலும் வளர்வது. மண்ணில் கிடைக்காத தழைச்சத்தைப் பூச்சியிடம் எடுத்துக் கொள்கிறது. குடுவை விளிம்பில் தேன் சுரக்கும். நக்க வந்த எறும்பு வழுக்கி உள்ளே விழும். உள்ளேயிருக்கும் நீர் அதைக் கரைத்துவிடும். இப்படிப் பிழைக்கும் செடியின் வேருக்கு உப்பு உரம் நெருப்பு மாதிரி.

வளர்ப்பது கஷ்டமில்லை. தொட்டியின் அடியில் கூழாங்கல் பரப்புங்கள். மேலே நன்றாகக் கழுவிய தேங்காய் மட்டைத் துண்டும், நர்சரியில் விற்கும் காய்ந்த பாசியும் போடுங்கள். பைப்புத் தண்ணீர் வேண்டாம், மழைத் தண்ணீர் ஊற்றுங்கள். ஈரம் இருக்கணும், தண்ணீர் தேங்கக் கூடாது. வெளிச்சம் வேண்டும், ஆனால் உச்சி வெயிலில் வைத்தால் கண்ணாடிக்குள் செடி வெந்துபோகும். மூடியைக் கொஞ்சம் திறந்தே வையுங்கள். எப்போதாவது ஓர் எறும்பு போட்டால் போதும். இறைச்சி போட்டால் குடுவை அழுகும். பழைய குடுவை காய்வது நோயல்ல, வெட்டி விடுங்கள். கேமரன் மலைச் செடிக்கு இரவில் குளிர் வேண்டும். கீழே கொண்டு வந்தால் நிலைப்பது அரிது.

கடைசியாக ஒன்று. செடியை நர்சரியில் வாங்குங்கள், காட்டில் பிடுங்காதீர்கள். கினபாலு மலையின் 'ராஜா' குடுவைச் செடியைக் காட்டிலிருந்து எடுத்து வெளிநாட்டுக்கு விற்பது உலக ஒப்பந்தப்படி தடை. தரகன் எவனாவது நம் பிள்ளைகளிடம், "காட்டோரம் பிடுங்கிக் கொடு, வெள்ளி தாரேன்" என்றால் நம்ப வேண்டாம். லாபம் அவனுக்கு, மாட்டிக் கொள்வது பிடுங்கிய பிள்ளை. இந்தக் கணக்கு நமக்குப் புதுசா என்ன?